32 கடதாசி: 304 கட்டை ஆர் கட்டினது?

52 கடதாசி உள்ள ஒரு கட்டை எடுங்கோ. இரண்டில இருந்து ஆறு வரைக்கும் உள்ளதெல்லாத்தையும் உருவி அங்கால வையுங்கோ. இருபது போக மிஞ்சுறது 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டும் இல்லை. ஒரு இனத்துக்கு 76 புள்ளி. நாலு இனத்துக்கும் 304. விளையாட்டின்ர பெயரும் அதுதான்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டுறதே அவமானமாய் இருந்திருக்கும். இப்ப நிலைமை வேற. என்னோடு படிச்சவர்களில் பாதிப் பேருக்கு யூகியோவில் எக்ஸோடியாவின்ர ஐந்து துண்டும் கைக்கு வந்தால் என்ன நடக்கும் எண்டு தெரியும். 304இல் ஏன் ஒன்பது ஆசை வெட்டுது எண்டு தெரியாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எக்ஸோடியா தெரிஞ்ச ஒருவருக்கு 304இன் சரித்திரத்தை விளங்கப்படுத்துறது உண்மையில் லேசு. ஏனெண்டால் அவருக்கு "கட்டைக் கட்டுறது" எண்டால் என்னவெண்டு ஏற்கெனவே தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாய்: 1993இல் றிச்சர்ட் கார்ஃபீல்ட் எண்ட அமெரிக்கக் கணித ஆசிரியர் வடிவமைச்ச மெஜிக்: த கதரிங் வெளிவந்தது. அதில் எல்லாருக்கும் பொதுவான கட்டு கிடையாது. ஒவ்வொருவரும் தன்ர கட்டைத் தானே கட்டிக்கொண்டு வரவேணும். அப்படிக் கட்டுற வழிகளில் ஒண்டுதான் கொம்போ டெக். தனித்தனியே பெரிசாய் ஒண்டும் செய்யாத இரண்டு மூன்று கடதாசிகளைச் சேர்த்தால் எதிராளி அந்த இடத்திலயே முடிஞ்சுபோவார். ஆரம்பகால உதாரணம் சனலும் ஃபயர்போலும். முதலாவது உங்கட உயிர்ப்புள்ளிகளைச் சக்தியாய் மாத்தும், இரண்டாவது அந்தச் சக்தி முழுதையும் எதிராளியின்ர தலையில் கொட்டும். மிச்சக் கடதாசி எல்லாம் அந்த இரண்டையும் தேடிப் பிடிக்கத்தான்.

304ஐ இந்தக் கண்ணால் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். அதுவும் கட்டப்பட்ட கட்டுத்தான். ஆரோ இருபது கடதாசியைத் தூக்கி எறிஞ்சிருக்கினம். ஆரோ ராசாவையும் ராணியையும் கீழ தள்ளி, அவையின்ர வேலைக்காரனான ஜாக்கை மேல ஏத்தி, ஒண்டுக்கும் உதவாத ஒன்பதை அவனுக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கினம். ஜாக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் ஒரே கைக்கு வந்தால் 76இல் 50 அந்தக் கையில். இதை விடத் துப்பரவான கொம்போ இல்லை. ஆனால் இதைக் கட்டினது நாங்கள் இல்லை. எங்களுக்குக் கட்டியே வந்தது. ஆரிட்ட இருந்து?

"ஒல்லாந்தர்" எண்டு டக்கெண்டு சொல்லிவிடலாம். பெரியாக்கள் பலர் அப்படித்தான் சொல்லுவினம். 1658இல் போர்த்துக்கீசரிடம் இருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தர் 1795 வரைக்கும் இங்க இருந்தவை. கந்தோரும் கக்கூசும் அவை விட்டிட்டுப் போன சொற்கள். தேசவழமையை 1706–07இல் எழுத்தில் ஏத்தினதும் அவையின்ர அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ்தான். ஆனால் "கந்தோர் அவையளின்ர, அதால 304உம் அவையளின்ரதான்" எண்டு சொன்னால் அது சரித்திரம் இல்லை, ஊகம். கடதாசியிலயே சாட்சி இருக்கோ எண்டு பார்க்கவேணும். இருக்கு. மூன்று இடத்தில் இருக்கு.

முதலாவது இனங்களின்ர பெயர். எங்கட பக்கத்தில் வயசான ஆக்கள் ஸ்பேட்டை ஸ்கோப்பன் எண்டு சொல்லுறதைக் கேட்டிருப்பீங்கள். கிளாவர் எண்ட சொல் இப்பவும் எல்லாரின்ர வாயிலயும் இருக்கு, தமிழ்நாட்டிலயும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் இருந்து வந்ததெண்டு நினைப்பம். ஆனால் ஆங்கிலத்தில் அந்த இனத்துக்குப் பெயர் கிளப்ஸ். கிளாவர் எண்டு சொல்லுறவை ஒல்லாந்தர். சிங்களத்தில் நாலு பெயரும் முழுசாய்த் தப்பியிருக்கு: இஸ்கோப்ப, ஹாரத, கலாபர, ருவித. ஒல்லாந்த மொழியில் அந்த நாலும் ஸ்கொப்பன், ஹார்ட்டன், கிளாவரன், ரௌட்டன். ஸ்கொப் எண்டால் அங்க மண் அள்ளுற சவள். கறுப்பு இலை மாதிரி இருக்கிற அந்தப் படத்தை அவை சவளாய்ப் பார்த்திருக்கினம், நாங்கள் அர்த்தம் தெரியாமலே அதைச் சொல்லிக்கொண்டு இருக்கிறம்.

இந்த இடத்தில் போர்த்துக்கீசரை ஏன் தள்ளிவைக்கிறன் எண்டு சொல்லவேணும். அவையும் கடதாசி கொண்டு திரிஞ்சவைதான். ஆனால் அந்தக் காலத்துப் போர்த்துக்கீசக் கடதாசியில் இருந்த படங்கள் பொற்காசு, கிண்ணம், வாள், தடி. இதயமும் சவளும் இல்லை. அவையின்ர கடதாசி போய்ச் சேர்ந்த இடத்தில் அது வேற கதையாய் மாறினது. யப்பானில் போர்த்துக்கீசரின் கார்ட்டா "கருதா" ஆச்சு. அங்க அரசு சூதுக் கடதாசிகளைத் திரும்பத் திரும்பத் தடை செய்ய, ஆக்கள் எண்களை எல்லாம் அழிச்சுப்போட்டுப் பூக்களை வரைஞ்சு ஹனஃபுதா எண்டு ஆடினவை. அந்தப் பூக் கடதாசியைச் செய்து விக்கிறதுக்கு 1889இல் கியோட்டோவில் தொடங்கின கடைதான் நின்டெண்டோ. பொக்கிமொன் கடதாசி வைச்சிருக்கிற தம்பிமாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ. நம்பமாட்டினம்.

இரண்டாவது சாட்சி ஆசுக்கும் பத்துக்கும் உள்ள விலை. ஆசு 11, பத்து 10, அதுக்குப் பிறகுதான் ராசா. எந்தப் பிள்ளைக்கும் முதலில் விளங்காத விசயம் இது. பத்து எப்படி ராசாவுக்கு மேல போகும்? எங்கட ஊரில் ஆரும் இருந்து யோசிச்சு இப்படி ஒரு வரிசையைச் செய்திருக்க வாய்ப்பு இல்லை. இது மேற்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய குடும்பத்தின்ர அடையாளம். சுவிற்சர்லாந்தின் யாஸ், ஒல்லாந்தின் கிளாவர்யாஸ், பிரான்சின் பெலோட் எல்லாத்திலயும் ஆசு 11, பத்து 10.

மூன்றாவதுதான் பலமான சாட்சி. அதே மூன்று விளையாட்டிலயும் துரும்பு இனத்தில் மட்டும் ஜாக் தலைவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது. ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. ஒல்லாந்தில் அந்த ஜாக்குக்கு யாஸ் எண்டும் ஒன்பதுக்கு நெல் எண்டும் தனிப்பெயர்கூட இருக்கு. சுவிற்சர்லாந்தில் தேசிய விளையாட்டு மாதிரிக் கொண்டாடுற யாஸ்கூட ஒல்லாந்தில் இருந்து வந்ததுதான், கூலிப்படைச் சிப்பாய்கள் கொண்டுவந்தது எண்டு சொல்லுவினம். அங்க அந்தப் பெயர் முதல்முதல் எழுத்தில் வந்தது 1796இல், சிப்ளிங்கன் எண்ட ஊரில் இரண்டு கமக்காரர் வைனுக்காக ஆடினதாகப் பாதிரியார் ஒருவர் முறையிட்டபோது. அதே 1796இல்தான் கொழும்பு ஆங்கிலேயரிட்டப் போய் ஒல்லாந்தரின் ஆட்சி இலங்கையில் முடிஞ்சது. இது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடிச்ச தற்செயல்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எலும்புக்கூடு ஒல்லாந்தரின்ரது எண்டு சொல்லத்தான் வேணும். ஆனால் சதை அவையின்ரது இல்லை. இதைத்தான் "ஒல்லாந்தன் தந்தது" எண்டு சொல்லி முடிக்கிறவர்கள் மறந்துபோகினம்.

அங்க ஜாக்கும் ஒன்பதும் துரும்பில் மட்டும்தான் பெரியாள். மற்ற இனங்களில் ஜாக் வெறும் 2, ஒன்பது சுழியம். எங்கட கட்டில் நாலு இனத்திலயும் ஜாக்தான் தலைவன். ஒரு கொம்போ நாலு கொம்போவாச்சு. 20உம் 14உம் 30உம் 20உம் ஆச்சு. துரும்பை மேசையில் கவிழ்த்து வைச்சு, எது துரும்பு எண்டு கேட்டவருக்கு மட்டும் தெரிய ஆடுற முறையும் சேர்ந்தது. இறக்கின இனம் கையில் இல்லாதவர் தன்ர கடதாசியைக் கவிழ்த்துப் போடுவார். கேட்டவர் எடுத்துப் பார்ப்பார். துரும்பு விழுந்திருந்தால் எல்லாம் வெளிக்கும். விழாட்டில் அது என்ன கடதாசி எண்டது அவருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம். இந்த மறைப்புத்தான் 304இன்ர உயிர்.

துரும்பு எண்ட சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்த்துக்கீசரின் துருன்ஃபு, ஒல்லாந்தரின் துரூஃப், ஆங்கிலேயரின் ட்ரம்ப் மூன்றும் "வெற்றி" எண்ட ஒரே சொல்லின்ர பிள்ளைகள். தமிழில் அது துருப்பு எண்டும் துரும்பு எண்டும் வழங்குது. யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது சிறு துரும்பும் பல் குத்த உதவும் எண்ட துரும்பாய்க் கேட்டிருக்கு. பொருத்தமாய்த்தான் கேட்டிருக்கு. துரும்பில் ஒரு ஏழு, ஒரு புள்ளிகூட இல்லாத ஏழு, வேற இனத்து ஜாக்கைத் தூக்கிக்கொண்டு போகும்.

சரி, இந்தக் கட்டை எப்படி ஓட்டுறது? இங்கதான் மெஜிக் ஆடுறவருக்கும் எங்கட ஆக்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மெஜிக்கில் கட்டைக் கட்டுறதிலயே பாதி வேலை முடிஞ்சுது. அறுபது கடதாசியில் ஒரே கடதாசியை நாலு தரம் வைக்கலாம், தேடித் தாற கடதாசிகளையும் சேர்க்கலாம். 304இல் கட்டு எல்லாருக்கும் ஒண்டு. முதலில் நாலு கடதாசிதான் வரும். அந்த நாலை வைச்சுக் கேட்கவேணும். குறைஞ்ச கேள்வி 160. 304இன் பாதி 152. அதாவது பாதிக்குச் சற்று மேல பிடிப்பன் எண்டு, கையில் பாதிக் கடதாசி மட்டும் வந்த நேரத்தில் வாக்குக் குடுக்கிறீங்கள்.

கணக்கை ஒருக்கா போட்டுப் பாருங்கோ. முதல் நாலிலயே ஏதாவது ஒரு இனத்தின்ர ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வாறதுக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 21இல் ஒண்டு. ஒரு பின்னேரத்தில் இரண்டு மூன்று தரம் வரும், அவ்வளவுதான். அடிக்கடி வாறது ஒரு ஜாக், அதோடு அதே இனத்தில் ஒரு சின்னன். இப்ப அந்த ஒன்பது எங்க இருக்கும்? நீங்கள் காணாத 28 கடதாசியில் நாலு உங்களுக்கு வரப்போகுது, எட்டு உங்கட சோடிக்கு, பதினாறு எதிர்ப்பக்கத்துக்கு. ஆகவே ஏழில் ஒரு வாய்ப்பு உங்களிட்ட, ஏழில் இரண்டு சோடியிட்ட, ஏழில் நாலு எதிரியிட்ட. உங்கட பக்கம் ஏழில் மூன்று. நாணயம் சுண்டுறதை விடக் கொஞ்சம் மோசம். ஆனாலும் ஆக்கள் கேட்பினம். ஏனெண்டால் எதிரியிட்ட இருக்கிற ஒன்பது உங்கட ஜாக்குக்குக் கீழ விழவும் கூடும், அப்படி விழுந்தால் அந்த ஒரு பிடியிலயே ஐம்பது.

மெஜிக்கில் தேடித் தாற கடதாசி செய்யிற வேலையை 304இல் செய்யிறது சோடி. கொம்போவின்ர மற்றத் துண்டு அவரின்ர கையில் இருக்கலாம், ஆனால் கேட்க ஏலாது. கேள்வியே பாஷை. ஒருத்தர் 160இல் நிக்காமல் 180க்குப் போனால், மற்றவர் விட்டிட்டால், முதலாவதாய் எந்த இனத்தை இறக்கினார் எண்டால், எல்லாம் ஒரு செய்தி. இதில் சாடை காட்டுறதும் ஒரு தனிக் கலை. செருமல், காதைச் சொறிதல், வெத்திலையைப் பற்றிக் கேட்டல். பிடிபட்டால் சண்டை. பிடிபடாட்டில் "நாங்கள் நல்லா விளங்கி ஆடுறம்". இருபது வருசம் ஒண்டாய் ஆடின சோடிக்குச் சாடையே தேவையில்லை எண்டதும் உண்மை, அதை ஒரு சட்டத்தாலும் தடுக்கவும் ஏலாது.

எட்டுக் கடதாசியும் வந்த பிறகு இன்னும் துணிவு இருந்தால் 250க்கு மேல கேட்கலாம். எல்லாப் பிடியையும் பிடிச்சால் கம்மாறிஸ். அதுக்கும் மேல ஒண்டு இருக்கு. சோடி தன்ர கடதாசியைக் கவிழ்த்து வைச்சுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார், நீங்கள் தனிய இரண்டு எதிரியோடு ஆடி எட்டுப் பிடியையும் எடுக்கவேணும். மெஜிக்காரர் தங்கட கொம்போ ஓடுற நேரத்தில் எதிராளியைச் சும்மா இருத்திவைக்கிறது மாதிரி, இங்க கூட்டாளியே சும்மா இருக்கிறார். ஒரு பிடி தவறினாலும் போச்சு.

இவ்வளவு கணக்கும் நினைவும் கேட்கிற விளையாட்டுக்கு ஊரில் கிடைச்ச பெயர் என்ன? "வேலை வெட்டி இல்லாதவன் காட்ஸ் அடிக்கிறான்." இதுக்கு ஒரு பகுதி காரணம் சட்டம். நின்டெண்டோ தொடங்கின அதே 1889இல் இலங்கையில் ஆங்கிலேயர் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தவை. பொதுசனம் புழங்கிற இடத்தில் பந்தயம் வைச்சு ஆடுறது குற்றம். 304ஐக் காசு இல்லாமல் ஆடுற வழக்கம்தான் பெரும்பாலும், ஆனால் கையில் கடதாசிக் கட்டு இருந்தால் சூதாடி எண்ட பார்வை மாறவில்லை. மற்றப் பகுதி காரணம் எங்கட படிப்புப் பித்து. சதுரங்கப் பலகைக்கு மேசையில் இடம் உண்டு, கடதாசிக்கு இல்லை.

அந்தப் பெயரால் கூடுதலாய் இழந்தது பெண்கள்தான். சனசமூக நிலையத்து வாங்கில், கோயில் வீதி மரத்தடி, செத்தவீட்டு முத்தம் எல்லாம் ஆம்பிளையளின்ர மேசை. பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டு விறாந்தையில் அம்மம்மாவும் மாமிமாரும் ஆடின 304 விளையாட்டுக் கணக்கில் சேராது. ஆனால் என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்கு ஜாக் 30, ஒன்பது 20 எண்டு சொல்லிக் குடுத்து இந்த விளையாட்டை அடுத்த தலைமுறைக்குக் கடத்தினது அந்த விறாந்தைதான். கோயில் மரத்தடியில் ஒருத்தரும் ஏழு வயசுப் பிள்ளையை இருத்திக் கற்பிக்கிறதில்லை.

1990இல் திரும்பச் சண்டை தொடங்கினதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. வானொலிக்குச் சைக்கிள் டைனமோவைச் சுத்தின காலம். அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களிட்டக் கேட்டால் ஜாம் போத்தல் விளக்கையும் 304ஐயும் ஒரே மூச்சில் சொல்லுவினம். 304க்கு அப்ப ஒரு வசதி இருந்தது, இதை ஆரும் பெரிசாய்க் கவனிக்கிறதில்லை. 52இல் இருபது தொலைஞ்சாலும் விளையாட்டுத் தொலையாது. இரண்டு முதல் ஆறு வரைக்கும் உதிரிப்பாகம். ஒரு ஜாக் தொலைஞ்சால் ஒரு மூன்றில் பேனையால் எழுதினால் சரி. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது சனம் எதை எடுக்கிறது, எதை விடுறது எண்டு தெரியாமல் நிண்டது. ஒரு கடதாசிக் கட்டு சட்டைப் பையுக்குள்ள போகும்.

கடைசியாய் இன்னொரு கடல். கேரளத்தில் 28 எண்டு ஒரு விளையாட்டு உண்டு. ஜாக் 3, ஒன்பது 2, ஆசு 1, பத்து 1, மிச்சத்துக்கு ஒண்டும் இல்லை. எங்கட 30, 20, 11, 10, 3, 2 எண்ட வரிசையில் கடைசி இலக்கத்தை வெட்டிப் பாருங்கோ, அப்படியே 28 வரும். தெற்கில் ஒரே பிள்ளைக்கு இரண்டு சட்டை. அதை விட அதிசயம் தென்னாபிரிக்காவின் டேர்பன். 1860இல் இருந்து 1911 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்களில் தமிழர் கனபேர். அவையின்ர பேரப்பிள்ளைகள் இப்பவும் ஆடுற விளையாட்டின்ர பெயர் துணீ. தமிழ்த் "தண்ணி"யில் இருந்து வந்த பெயர் எண்டு சொல்லுவினம். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. அவை எட்டையும் ஏழையும்கூட எறிஞ்சுபோட்டு 24 கடதாசியோடு ஆடுகினம். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லாததால் மொத்தம் அதே 304.

தென்னாபிரிக்காவிலயும் ஒல்லாந்த வழிவந்தவர்கள் இருந்தவை, ஆகவே இந்தக் கணக்கு அங்க இருந்து இந்தியாவுக்கு வந்தது எண்டு வாதாடுறவர்களும் இருக்கினம். எனக்கு அது நம்பக் கஷ்டம். துரும்பில்லாத இனத்திலயும் ஜாக்கைத் தலைவனாக்கின திருத்தம் இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் டேர்பன் இந்தியரிட்டயும் இருக்கு, கிளாவர்யாஸில் இல்லை. கப்பலில் போனது எங்கட திருத்தம் எண்டுதான் நான் படிக்கிறன்.

ஆனால் டேர்பனில் எங்களிட்ட இல்லாத ஒண்டு தப்பியிருக்கு. ஒரே இனத்து ராசாவும் ராணியும் சேர்ந்து ஒரு கைக்கு வந்தால் அதை அறிவிச்சு 20 புள்ளி எடுக்கலாம், துரும்பெண்டால் 40. அவையின்ர பெயர் ஜோடி. பிரான்சின் பெலோட்டிலயும் சுவிற்சர்லாந்தின் யாஸிலயும் ஒல்லாந்தின் கிளாவர்யாஸிலயும் துரும்பு ராசாவும் ராணியும் சேர்ந்தால் அதே 20தான். எங்கட விறாந்தை 304இல் ராசா 3, ராணி 2, ரெண்டும் சேர்ந்தால் வெறும் 5. டேர்பன்காரர் ஒருவர் எங்கட மேசையில் வந்து இருந்து "ஜோடி" எண்டு சொன்னால், முதல் சண்டை அதில்தான் வரும்.